இடம்புரிக் கயிறு

கயிற்றை ஆணியில் மாட்டக் கூடாது, சார். உங்கள் கான்ஸ்டபிளுக்கு அது தெரியாது, அவர் மேல் தப்பில்லை. நான் உள்ளே வரும்போது என் கையிலிருந்ததை வாங்கி, வராந்தாவில் அவருடைய குடைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டார். ஆணி மெல்லியது. கயிற்றின் எடை முழுக்க ஒரே இடத்தில் தொங்கும். நாலு நாளில் அங்கே ஒரு மடிப்பு விழும், அப்புறம் என்ன செய்தாலும் போகாது. உருண்டைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும், அதுவும் ஒரு சாண் கனமாவது உள்ள கட்டையில். பேசி முடித்ததும் யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவசரமில்லை.

என் பெயர் பிரம்மநாயகம். வயது நாற்பத்து நான்கு. தாராவியில் கரீம் பாட்சா பாயின் கயிற்றுப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை. வெளியே பெஞ்சில் முக்காடு போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே பேராச்சி, அவள் என் தங்கை. காலையிலிருந்து இங்கே வந்து, தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாகவும் தன்னைப் பிடித்து உள்ளே போடும்படியும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இன்ஸ்பெக்டர் சாஹிபுக்கு அவள் தமிழ் புரியாமல், மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டுங்காவிலிருந்து உங்களை வரவழைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் வீண் அலைச்சல். அவள் யாரையும் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஒரு பாவமும் அறியாதவளை அடைத்து வைத்தால் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருகிறீர்கள், சுப்ரமணியன் சார். என் வாயில் வருவது நாங்குநேரிப் பக்கத்துப் பேச்சு. உங்கள் தாளில் விழுவது புத்தகத் தமிழ். அப்படியே இருக்கட்டும். கோர்ட்டில் படிக்கும்போது மரியாதையாக இருக்கும்.

சுருக்கு வீச்சு என்றால் என்ன என்று சாஹிப் கேட்கிறார். செம்பூர், கோவண்டிப் பக்கத்து எருமைத் தபேலாக்களை, அந்தப் பெரிய தொழுவங்களை, அவர் பார்த்திருப்பார். ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு உருப்படி. வாரத்துக்கு ஒன்றாவது கட்டை அறுத்துக்கொண்டு ரோட்டுக்கோ ரயில் தண்டவாளத்துக்கோ ஓடும். கயிற்று முனையில் சுருக்குப் போட்டு, தலைக்கு மேல் சுழற்றி, எருமையின் கழுத்தில் விழும்படி வீசுவதற்கென்றே தபேலாவுக்கு ஓர் ஆள் உண்டு. சங்கராந்தி கழிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இந்த ஆட்களுக்கெல்லாம் ஒரு போட்டி நடக்கும். இளம் கடா ஒன்றை மைதானத்தில் அவிழ்த்து விடுவார்கள். வீசுகிறவன் ஒரு கையில் சுருக்கும் மறு கையில் மிச்சக் கயிற்றுச் சுருளுமாக நிற்பான். சுருக்கு கழுத்தில் விழுந்ததும் சுருள் வளையம் வளையமாக நழுவிக் கொடுக்கும். அதற்குள் அவன் ஓடிப்போய்க் கயிற்றின் வாலை, நட்டு வைத்திருக்கும் கட்டையில் இரண்டு சுற்று சுற்றிவிட வேண்டும். கடா நின்றுவிடும். சீக்கிரம் நிறுத்தியவன் ஜெயித்தான்.

பேராச்சியின் புருஷன் இசக்கிப்பாண்டி, செம்பூர் மிஸ்ராஜி தபேலாவுக்கு வீசுகிறவன். அவனுக்குக் கயிறு பேணுகிறவன் நான். ஒவ்வொரு வீச்சுக்காரனுக்கும் அப்படி ஒருவன் உண்டு. போட்டியன்று அவனுக்கு இரண்டு வேலை. சுருளைத் தன் கையால் வீச்சுக்காரன் கையில் வைப்பது ஒன்று. அப்புறம் கட்டைக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்பது. ஏதாவது கோளாறாகி ஆள் கயிற்றில் மாட்டிக்கொண்டால் வெட்டிவிட. ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவையும் வெட்டியதில்லை. கயிறு நன்றாக இருந்தால் வெட்ட வேண்டி வராது.

நல்ல கயிறு சும்மா வராது, சார். துறைமுகத்தில் கழித்துவிடும் மணிலா நாரில் நல்லதாகப் பொறுக்கி எடுப்பேன். மூன்று புரி. முறுக்கியதும் முப்பது முழத்தையும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, நடுவில் அம்மிக்கல்லைத் தொங்கவிட்டுப் பத்து நாள் விடுவேன். அதன் திமிர் அதில் அடங்கும். பிறகு சாராய விளக்கின் சுடரில் வேகமாக இழுத்து, சிலிர்த்து நிற்கும் நாரைப் பொசுக்க வேண்டும். கொஞ்சம் நிதானித்தாலும் கயிறு கருகிவிடும். அப்புறம் தேன்மெழுகும், தோல் கிடங்கிலிருந்து வாங்கிய கொழுப்பும் கலந்து காய்ச்சிச் சாக்குத் துணியால் தேய்ப்பேன். மூன்று தடவை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை. கயிறு பழுத்த புளியின் நிறத்துக்கு வரும். சுருக்குக் கண்ணுக்கு உள்ளே மெல்லிய தோல் வைத்துத் தைப்பேன், தேயாமல் இருக்க. எல்லாம் முடிந்ததும் மூடியுள்ள டின்னுக்குள், அடியில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு போட்டு வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் நம் கடல் காற்று ஒரே ராத்திரியில் கயிற்றைத் துவள வைத்துவிடும். வீசக் கொடுப்பதற்கு முன்னால் முகப்பவுடர் போட்டு ஒரு தடவு. அது பேராச்சியின் பவுடர்.

"எனக்கு வாங்கித் தந்ததுன்னு பேரு. பூராத்தையும் கயித்துக்குப் பூசுதீய," என்பாள்.

"கயிறு உன்னைவிடக் கறுப்பால்லா இருக்கு. அது கொஞ்சம் பூசிக்கிடட்டும்," என்பான் இசக்கிப்பாண்டி. அவன் வாய் அப்படி. சிரிக்காமல் ஒரு வேளைச் சோறு சாப்பிட மாட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்து, நான் விசாரித்து, நான் கட்டி வைத்த மாப்பிள்ளை. எங்களோடேயே வந்து இருக்க வேண்டும் என்றேன், மறு பேச்சுப் பேசாமல் வந்தான்.

அவனிடம் ஒரு விசேஷம். அவன் நொட்டாங்கைக்காரன். பேராச்சி முறைத்தால்தான் வலது கையால் சாப்பிடுவான். மற்றதெல்லாம் இடது கை. சுருக்கையும் இடது கையால் சுழற்றுவான், சுருள் வலது கையில் இருக்கும். உலகத்திலுள்ள கயிறெல்லாம் வலது கைக்காரனுக்காக முறுக்கியவை, சார். வலம்புரி. அதை இடது கைக்காரன் சுழற்றினால் முறுக்கு ஒரு பக்கமும் சுழற்சி ஒரு பக்கமுமாகச் சண்டை போடும். சுருக்கு கோணும். அது பரவாயில்லை, கெட்டிக்காரன் சமாளித்துவிடுவான். ஆனால் சுருள் வைத்திருக்கிற கையில் வளையங்கள் நழுவாமல் ஒன்றுக்குள் ஒன்று மடங்கும். அதனால் அவனுக்கென்று தனியாக இடம்புரிக் கயிறு செய்வேன். பம்பாயில் அப்படி ஒரு கயிறு இருந்தது அவன் ஒருவனிடம்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது.

முறுக்கும்போது நான் புரிகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போவேன். ராட்டையின் கைப்பிடியைச் சுற்றுவது பேராச்சி. ஒன்பது வயசில் அவளை இந்த ஊருக்குக் கூட்டி வந்ததிலிருந்து அவள்தான் சுற்றுகிறாள். அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் பேதியில் போய்விட்டார்கள். நான் கல்யாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் வந்தவள் இவளை எப்படி நடத்தியிருப்பாளோ. ராட்டையை எந்தப் பக்கம் சுற்றினால் எந்தப் புரி வரும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, இது இடம், இது வலம் என்பாள்.

புருஷன் கயிற்றுக்கு அவள் ஓர் அடையாளம் வைப்பாள். போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கடைசிப் பூச்சு மெழுகுக்கு முன்னால், கயிற்றின் வால் முனையில் மஞ்சள் நூல் கட்டுவாள். தன் தாலிக்கு நூல் மாற்றுகிற அதே நூல் கண்டிலிருந்து எடுப்பாள். மூன்று சுற்று, ஒரு முடிச்சு, முனையை உள்ளே செருகி இழுத்துவிடுவாள். அந்த முடிச்சு நான் சொல்லிக் கொடுத்தது. நூலுக்கு அடியில் கடைசி மெழுகு ஏறாது. அவிழ்த்தால் அந்த ஓரங்குல இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். இதைக் கொஞ்சம் விவரமாக எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் ஆட்கள் இதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு நாள் இசக்கிப்பாண்டி சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னான். மிஸ்ராஜி பூனா பக்கம் புதிதாக ஒரு பெரிய தபேலா வைக்கிறார். இந்தத் தடவை அவன் ஜெயித்தால் அங்கே அவன்தான் மேஸ்திரி. இரண்டு அறை வீடு, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே. பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள், எனக்கு ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எவ்வளவு தூரம் அது?" என்று கேட்டேன்.

"ரயில்ல நாலு மணி நேரம்தான் மச்சான்." அப்புறம் பேராச்சி அவனைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சொன்னான். "நீங்களும் எங்ககூட வந்துருங்களேன்."

பார்த்தீர்களா, சார். அவள் பார்த்த பிறகுதான் சொன்னான்.

பேராச்சிக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. பூனாவில் குளிர். ராத்திரியில் மூச்சுத் திணறினால் அவன் என்ன செய்வான்? நெஞ்சில் எந்த எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். அவனிடம் சொன்னேன்.

"அவளுக்கு இழுப்பு வந்தே நாலு வருசமாச்சே மச்சான்," என்றான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துத்தான். ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. அவள் நெஞ்சுக்காகத்தான்.

அவன் ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான். கயிற்றை உள்ளுக்குள் லேசாக அரத்தால் தேய்த்து விடலாம். சுருக்குக் கண்ணின் தையலைத் தளர்த்தலாம். இரண்டையும் யோசித்தேன். ஆனால் அப்படிச் செய்தால் கயிறு கெட்ட கயிறு. பாயின் பட்டறைக்குக் கெட்ட பெயர். கரீம் பாட்சா பாய் என்னைத் தம்பி மாதிரி வைத்திருக்கிறார். நான் வாழ்நாளில் ஒரு கெட்ட கயிறு கொடுத்ததில்லை. நல்ல கயிறாகவே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷம் கோவண்டித் தபேலாவின் ஹமீதுக்கும் ஒரு கயிறு செய்திருந்தேன். அதே மணிலா நார், அதே நீளம், அதே மெழுகு. வலம்புரி. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் ஹமீதுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். கயிறு என்னிடமே நின்றுவிட்டது. இதில் என் ஏற்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு கயிறும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

வெள்ளிக்கிழமை பேராச்சி நூல் கட்டினாள். இரண்டுக்கும் நான் கடைசி மெழுகு பூசினேன். சனிக்கிழமை காலை அவள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனாள். நான் அவள் நூலை அவிழ்த்து ஹமீதின் கயிற்றில் கட்டினேன். மூன்று சுற்று, ஒரு முடிச்சு, முனையை உள்ளே செருகல். அந்தக் கயிற்றை டின்னில் வைத்து மூடினேன். மற்றதைச் சாக்கில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் என் பெட்டியில் வைத்தேன். பத்து நிமிஷ வேலை.

போட்டியின் நியாயக்காரர்கள் சனிக்கிழமை மாலையே எல்லாக் கயிற்றையும் வாங்கிப் பார்ப்பார்கள். உள்ளே கம்பி வைத்திருக்கிறதா, நீளம் சரியா, அவ்வளவுதான் பார்ப்பது. பிறகு சுருளை ஒரு வெள்ளை நூலால் கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். ஊதல் ஊதிய பிறகுதான் வீச்சுக்காரன் அந்த நூலை அறுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு சுழற்றுக்கூடச் சுழற்றிப் பார்க்கக் கூடாது. பேணுகிறவன் கையில் வைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். குனிந்து கயிற்றைப் பார்ப்பதும் வழக்கமில்லை. அது கொடுத்தவனை நம்பாத மாதிரி. இசக்கிப்பாண்டி என்னை ஒரு நாளும் நம்பாமல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் முறை ஐந்தாவது. சுருளை அவன் வலது கையில் வைத்தேன். வால் முனையின் மஞ்சள் நூலைப் பெருவிரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் எப்போதும் செய்வது. விரலை மூடினவன், ஒரு கணம் நின்றான்.

"மச்சான், கயிறு இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கே?"

"காத்துல ஈரம்ல்லா. உனக்குக் கை வேர்த்திருக்கு. போ மாப்ளே," என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். பேராச்சி வேலிக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

ஊதல் ஊதியது. நூலை அறுத்தான். சுருக்கைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அந்த ஒரு சுற்றிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கயிற்றைப் பார்க்கவில்லை, சார். திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் இலையில் உப்பு இல்லையென்றால் பார்ப்பானே, அந்த மாதிரி ஒரு பார்வை. அதற்குள் கடாவை விட்டுவிட்டார்கள். அவன் வீசித்தான் ஆக வேண்டும். வீசினான். கோணிய சுருக்கை அந்தக் கையால் எப்படித்தான் திருத்தினானோ, சரியாகக் கழுத்தில் விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

அவன் கட்டையை நோக்கி ஓடி வந்தான். நாலாவது வளையம் மூன்றாவதற்குள் மடங்கியது. கயிறு மணிக்கட்டில் இறுகி, ஆளைத் தூக்கிக் குப்புறப் போட்டது. கடா அவனை இழுத்துக்கொண்டு கட்டையைத் தாண்டி மைதானத்து ஓரத்திலிருந்த சிமெண்ட் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிற்று. தொட்டியின் மூலையில் தலை மோதியது. வண்டி வருவதற்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

அப்போது விசாரித்த சாஹிபிடம், கத்தியால் வெட்ட நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நேரம் இருந்தது. கயிறு என் முழங்காலுக்கு நேராக விறைத்துக்கொண்டு ஓடியது. அவன் என்னைத் தாண்டும்போது "மச்சான்" என்று கூப்பிட்டான். கத்தி நன்றாகத் தீட்டியது, ஒரு வெட்டு போதும். ஆனால் புதுக் கயிறு, சார். வெட்டினால் இரண்டு துண்டு, பிறகு எதற்கும் ஆகாது. அவ்வளவு உழைத்துச் செய்ததை வெட்ட எனக்குக் கை வரவில்லை.

அவன் தோற்றால் போதும் என்றுதான் நினைத்தீரா என்று சாஹிப் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. இதோ பாருங்கள், என் வலது மணிக்கட்டில் இந்தத் தழும்பு. மார்கழிக் கடைசியில் பட்டறை முற்றத்தில் ஹமீதின் கயிற்றை நானே இடது கையால் வீசிப் பார்த்தேன், ஒரு கைவண்டியில் சுருக்கை மாட்டி, வண்டியைச் சரிவில் உருட்டிவிட்டு. மூன்று தடவையில் இரண்டு தடவை மணிக்கட்டைப் பிடித்தது. பக்கத்தில் கத்தி வைத்திருந்தேன், வெட்டிக்கொண்டேன். வெட்டின இடத்தில் புரியைப் பிரித்துக் கோத்து ஒட்டவைக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. ஆகையால் எனக்குத் தெரியும்.

போலீஸ்காரர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் ஐந்து வீச்சுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஐந்து பேரும் வலது கைக்காரர்கள். ஐந்து பேரும் வீசிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கயிற்றைத் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விபத்து என்று முடித்துவிட்டார்கள். கயிறு திரும்பி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பேராச்சி அந்தக் கயிற்றை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். ஒரு முழம் தடவியிருப்பாள். கை நின்றுவிட்டது. திரும்பவும் தடவினாள். வாலில் தன் மஞ்சள் நூலைப் பார்த்தாள். அவள் முடிச்சு.

"அண்ணே, இது வலம்புரில்லா," என்றாள். அப்புறம் அவளே சொன்னாள். "நான் மாத்திக் கட்டிட்டேனே அண்ணே. ரெண்டும் பக்கத்துல கெடந்துச்சே. பாக்காம கட்டிட்டேனே."

நானாக அப்படிச் சொல்லவில்லை, சார். அவள் வாயிலிருந்துதான் வந்தது. பிறகு அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன், "போனது போச்சு தாயி. வேணும்னா செஞ்சே? நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்." அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் புருஷனைக் கொன்ற பாவி என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

இசக்கிப்பாண்டியின் அண்ணன் ஊரிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நல்ல மனுஷர். எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்று இவள் மறுத்துவிட்டாள். அதன் பிறகு ஒரு மாதம் போல நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். பழையபடி. சரியாக ஏழரைக்குச் சோறு. அவள் பேசுவதில்லை, சின்னப் பிள்ளையிலிருந்தே அதிகம் பேச மாட்டாள். சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. எனக்குப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராத்திரியில் கைவிரலால் காற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்ப்பாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி எழுந்து இங்கே வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கு வரவில்லையே என்று வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டு நூர் நிஷாதான் சொன்னாள், "ஒங்க தங்கச்சி போலீஸ் சௌக்கிக்குப் போயிருக்கு, எங்க வீட்டு பாய் கூப்ட்டும் நிக்கல."

அதனால்தான் பட்டறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளியே ஆணியில் தொங்குவது அதுதான், இசக்கிப்பாண்டியின் இடம்புரி. இந்த ஐம்பது நாளும் அதை வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து, நீவி, சுண்ணாம்பு மாற்றி வைத்திருக்கிறேன். வால் முனையில் வெளுத்த இடத்தைப் பாருங்கள். பேராச்சி கட்டிய நூல் அங்கேதான் இருந்தது. அவள் காலையில் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்த வழக்குக் கயிற்றில் நூலை அவிழ்த்துப் பாருங்கள், அடியிலும் கடைசி மெழுகு ஏறியிருக்கும். நூலை மாற்றியது அவள் இல்லை, நான்தான் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கயிற்றை மாற்றியது நான். அது என்ன செய்யும் என்று தெரிந்து மாற்றினேன். கையில் கத்தி இருந்தும் வெட்டவில்லை. போதுமா, சார்? சாஹிபுக்குச் சொல்லுங்கள். ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

இனி அவளை வைத்துக்கொண்டிருக்க உங்களுக்குக் காரணம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் தப்பு இல்லை என்று சொன்னால், பிறகு யார் தப்பு என்று கேட்பாள். எதற்கு அது? தெரியாமல் நடந்தது, சர்க்கார் உன்னை மன்னித்துவிட்டது, அண்ணனோடு வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்புங்கள். நீங்கள் படித்தவர், உங்கள் வாயால் சொன்னால் நம்புவாள். அந்தக் கயிற்றையும் முதலில் உள்ளே எடுத்து வரச் சொல்லுங்கள். அவள் கை பட்டால் தெரிந்துவிடும்.

அடடா, பாருங்கள். அவளே எழுந்து ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆணியில் மாட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், நான் வளர்த்த பிள்ளை அல்லவா. தடவுகிறாள். வால் முனைக்குப் போய்விட்டாள், அந்த வெளுத்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். இப்போது தலையை நிமிர்த்தி என்னைத்தான் பார்க்கிறாள், சார். ஐம்பது நாளில் இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்கிறாள். கொஞ்சம் தெளிந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆறு மணிக்குள் எங்களை விட்டுவிட்டால், போய் உலை வைக்க அவளுக்கு நேரம் சரியாக இருக்கும்.